ஆழத்தைத் தப்பாகக் காட்டினால் வலை போச்சு!
எக்கோ சவுண்டர் கோளாறா? முதலில் இவற்றைப் பாருங்கள்

கொச்சி, முனம்பம் துறைமுகங்களிலிருந்து கடலுக்குப் போகும் விசைப்படகுகளில் குமரி மாவட்டத் தமிழர்கள் பலர் வேலை பார்க்கிறார்கள். பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. பிடிபடும் மீனில் பங்குதான். பாறையில் சிக்கி வலை கிழிந்தால் நஷ்டம் முதலாளிக்கு மட்டுமல்ல, தொழிலாளியின் பங்கும் குறைகிறது. ஆகவே, ஆழம் காட்டும் எக்கோ சவுண்டரைப் பற்றிப் படகில் உள்ள எல்லோரும் தெரிந்துகொள்வது நல்லது.

படகின் அடியில் உள்ள டிரான்ஸ்டியூசர் ஒலியைக் கீழே அனுப்புகிறது. அது கடல் தரையில் மோதித் திரும்பும் நேரத்தைக் கொண்டு கருவி ஆழத்தைக் கணக்கிடுகிறது. கடல் நீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் செல்லும். போய்வர விநாடியில் பத்தில் ஒரு பங்கு ஆனால், ஆழம் 75 மீட்டர்.

திரை எரியவில்லையா?

பியூஸ், பாட்டரி முனைகள், ஒயர் இணைப்பு மூன்றையும் பாருங்கள். உப்புக் காற்றில் களிம்பு பிடித்திருக்கும். துடைத்து இறுக்கினாலே பல சமயம் சரியாகிவிடும்.

திரை எரிந்தும் ஆழம் காட்டவில்லையா?

டிரான்ஸ்டியூசர் பிளக்கையும் கேபிளையும் பாருங்கள். அடியில் பாசியும் கொட்டலசும் படிந்தாலும் ஒலி தடைப்படும். மரச் சில்லால் மெதுவாகச் சுரண்ட வேண்டும். சுத்தியல் கூடவே கூடாது.

ஓடும்போது மட்டும் குழப்பமா?

கியர் போடாமல் எஞ்சினை மட்டும் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் குழப்பம் இருந்தால் மின்சாரத் தொந்தரவு. கேபிளை மற்ற ஒயர்களிலிருந்து விலக்கிக் கட்டுங்கள். வேகம் எடுத்தால் மட்டும் வந்தால், காரணம் பெரும்பாலும் காற்றுக் குமிழி. டிரான்ஸ்டியூசரை இடம் மாற்ற வேண்டியிருக்கும்.

கணக்கு தப்பாகத் தெரிந்தால், கருவி காட்டுவது அடியா, மீட்டரா, பாகமா என்று பாருங்கள். ஒரு பாகம் 6 அடி.

புதிதாக மாற்றும்போது

கருவிக்கும் டிரான்ஸ்டியூசருக்கும் அலைவரிசை பொருந்த வேண்டும். ஆழம் குறைந்த இடத்துக்கு 200 கிலோ ஹெர்ட்ஸ், ஆழ்கடலுக்கு 50 கிலோ ஹெர்ட்ஸ் ஏற்றது. கேபிளை வெட்டி ஒட்டுப் போடாதீர்கள். ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை கேரளத்தில் விசைப்படகுத் தடைக்காலம். படகு கரையேறும் அந்த 52 நாட்களே இதற்கு ஏற்ற சமயம்.

பொருத்திய பிறகு, துறைமுக வாயிலைத் தாண்டும் முன் ஈயக் குண்டு கட்டிய கயிற்றை இறக்கி அளந்து பாருங்கள். டிரான்ஸ்டியூசர் தண்ணீருக்குள் எவ்வளவு இறங்கியிருக்கிறதோ, அவ்வளவு வித்தியாசம் வரலாம். அதற்கு மேல் வந்தால் மெக்கானிக்கைக் கூப்பிடாமல் வலையை இறக்காதீர்கள்.