உங்களுக்குத் தெரியுமா? தாத்தாவின் தடம் தேடி

கழுகுமலை வெட்டுவான் கோவிலுக்குப் பக்கத்துப் பாறையில் சமணச் சிற்பங்களுக்குக் கீழே குனிந்து பாருங்கள். செய்வித்தவர் பெயரும் ஊரும் வட்டெழுத்தில், ஆயிரம் ஆண்டு கடந்தும் நிற்கின்றன. ஆனால் 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உங்கள் தாத்தா வீட்டைப் பற்றி என்ன எழுதினார்கள் என்று பார்க்க முடியாது. 1948-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டம் அதற்கு இடம் தரவில்லை. இங்கிலாந்திலோ 1921 கணக்கெடுப்பின் வீட்டுப் படிவங்களை நூறாண்டு கழித்து, 2022-இல் திறந்துவிட்டார்கள்.

கல்யாணப் பதிவும் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. கிறிஸ்தவக் குடும்பமென்றால் கோவில் பதிவேட்டில் மணமக்களின் வயது, தகப்பனார் பெயர் கிடைக்கும். மற்றவர்களுக்குத் தமிழ்நாட்டில் பதிவு கட்டாயமானதே 2009-இல்தான்.

கடல் கடந்தவர்களின் தடம்தான் தெளிவாக இருக்கிறது. நினைத்தால் மனம் கனக்கிறது. 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்டம் முதலிய வேலைகளுக்காக ஒப்பந்தக் கூலிகளாகப் போன 1,52,184 பேரைக் கப்பல்வாரியாகப் பதிந்திருக்கிறார்கள். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உடம்பிலுள்ள தழும்பு வரை உண்டு. நம் தூத்துக்குடிப் பக்கத்து ஆட்களைத் திருநெல்வேலி ஜில்லாவில் தேடுங்கள். தூத்துக்குடி மாவட்டம் பிறந்தது 1986-இல்தான்.