வரிக்குதிரை ஏன் காத்திருக்க வேண்டும்?

மாதனூர்ப் பக்கத்திலிருந்து வரும் நமக்குத் தோல் பதனிடுவதைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தத் தோலைப் போர்த்தியிருந்த விலங்கின் நோய்களைப் பற்றித்தான் நாம் அதிகம் அறிவதில்லை. அயல்நாட்டிலிருந்து உயிரியல் பூங்காவுக்கு வரும் வரிக்குதிரையும் மானும் நேரே பார்வையாளர் முன் நிறுத்தப்படுவதில்லை. முதலில் பல நாட்கள் தனியிடத்தில் ஒதுக்கிவைக்கப்படுகின்றன. இதற்குக் ‘குவாரண்டைன்’ என்று பெயர். சென்னையில் இப்பணிக்கான மத்திய அரசு நிலையம் பள்ளிக்கரணையில் இருக்கிறது. “நன்றாகத் தின்று துள்ளும் விலங்கை ஏன் அடைத்துவைக்க வேண்டும்?” என்று விடுதி நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்விதான்.

வெக்கை நோயின் கதையை அவருக்குச் சொன்னேன். 1920-ல் நம் நாட்டு மாடுகள் பிரேசிலுக்குக் கப்பலில் போகும் வழியில் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் இறக்கப்பட, அந்நாட்டு மாடுகளுக்கு நோய் பரவியது. அந்த அதிர்ச்சிதான் 1924-ல் பாரிசில் இன்றைய உலக விலங்கு நல அமைப்புக்கு வித்திட்டது. 1949-ல் சோமாலியாவிலிருந்து வந்த காட்டு விலங்குகளோடு அதே நோய் ரோம் மிருகக்காட்சிசாலைக்குள் புகுந்தது. இந்தியாவில் அது கடைசியாகத் தென்பட்டது 1995-ல், நம் வட ஆற்காட்டில்! 2011-ல் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவித்தார்கள்.

ஆனால் நண்பரின் கேள்விக்கு நேரான விடை வரிக்குதிரையிடம் இருக்கிறது. ஆப்பிரிக்கக் குதிரை நோயின் கிருமி அதன் இரத்தத்தில் 40 நாட்கள்வரை இருக்கலாம்; வரிக்குதிரையோ வாடாது, இருமாது. கொசுவினும் சிறிய ஒரு பூச்சி அதைக் கடித்துவிட்டு அடுத்த கொட்டிலில் உள்ள குதிரையைக் கடித்தால், அது சில நாட்களில் மூச்சுத்திணறி மடியும். 1987-ல் நமீபியாவிலிருந்து வந்த வரிக்குதிரைகளால் ஸ்பெயினில் நடந்தது இதுவே. 1990 வரை அந்நாடு மீளவில்லை. 1960 வாக்கில் இந்நோய் இந்தியாவுக்குள்ளும் வந்து குதிரைகளைக் கொன்றிருக்கிறது. வாணியம்பாடியில் ஜட்கா ஓட்டிப் பிழைத்த குடும்பங்களை நினைத்தால் இதன் பாரம் நமக்குப் புரியும்.

ஆகவே கண்பார்வை மட்டும் போதாது. கொட்டகைக்குப் பூச்சி புகாத வலை கட்டி, இரத்தம் எடுத்து, சில நாள் இடைவிட்டு மறுபடியும் எடுக்கிறார்கள். இரண்டாம் முறை எதிர்ப்பொருளின் அளவு ஏறியிருந்தால் கிருமி அண்மையில்தான் புகுந்திருக்கிறது. மாட்டைப்போல மூக்கணாங்கயிற்றைப் பிடித்து நிறுத்த முடியாது. மயக்க ஊசி வேண்டும். ஒட்டகச்சிவிங்கிக்கோ அந்த மயக்கமே உயிருக்கு ஆபத்து. அதனால் அதைப் பயணப் பெட்டிக்குப் பழக்கும் நாட்களிலேயே, மயக்கமின்றி இரத்தம் எடுக்க முயல்கிறார்கள்.