காணாமற்போனோரும் ஒன்பதாம் கட்டளையும்

அயலானுக்கு விரோதமான பொய்ச்சாட்சியைத் தடைசெய்யும் கட்டளையை விளக்கும்போது, நீதிமன்றத்தில் உரைக்கும் பொய்யையும் புறங்கூறுதலையும் எடுத்துக்காட்டி நாம் அமைந்துவிடுகிறோம். (லுத்தரன் சபையாரின் எண்ணிக்கையில் இது எட்டாம் கட்டளை என்பதை வாசகர் அறிவர்.) ஒருவர் காணாமற்போனபோது, அவருக்கு நேர்ந்ததை அறியாதவர்கள் அறிந்தவரைப்போல் ஊரறியப் பேசுவது இக்கட்டளையின் எல்லைக்குள் வருமா? பேசுகிறவன் தான் பொய் சொல்லுவதாக எண்ணுவதில்லை. உண்மையைத் தேடுவதாகவே எண்ணுகிறான். ஆகவேதான் இக்கேள்வி எளிதன்று. அண்மைக் காலத்தில் இரண்டு ஆறுகளின் கரையில் நிகழ்ந்த இரு துயரங்களைக் கொண்டு இதனை ஆராய முற்படுவோம். அவ்விருவரின் பெயரையும் இங்கு எழுதவில்லை. அவை உலகத்தாரின் வாயில் போதிய அளவு அடிபட்டுவிட்டன.

முதலாவது, இங்கிலாந்தின் லங்காஷயர் மாவட்டத்தில் வையர் ஆற்றங்கரையிலுள்ள ஒரு சிற்றூரில் நிகழ்ந்தது. 2023 ஜனவரி 27 ஆம் நாள் வெள்ளிக்கிழமை காலை, ஒரு தாய் தம் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு நாயுடன் ஆற்றோரப் பாதையில் நடந்து சென்றார். சிறிது நேரத்திற்குப்பின் அவருடைய கைப்பேசி ஓர் இருக்கையின்மேல் காணப்பட்டது. அலுவலகக் கூட்டத்தின் இணைப்பு அதில் துண்டிக்கப்படாமலே இருந்தது. நாய் அருகில் தனியே திரிந்தது. தாயைக் காணவில்லை. அவர் தவறி ஆற்றில் விழுந்திருக்கக்கூடும் என்பதே தங்களின் முதன்மையான கருத்து எனக் காவல்துறையினர் ஒரு வாரத்திற்குள் அறிவித்தனர். நீர்மூழ்குவோரும் ஹெலிகாப்டரும் சோனார் கருவிகளும் கொண்டு தேடியும் உடல் கிடைக்கவில்லை.

இதன்பின் மக்கள் மனத்தில் உருவான தருக்கத்தை நாம் படிப்படியாகக் காண வேண்டும். ஆற்றில் தேடினார்கள், கிடைக்கவில்லை. ஆகவே அவர் ஆற்றில் இல்லை. ஆற்றில் இல்லையென்றால் யாரோ கொண்டுபோயிருக்க வேண்டும். யாரோ என்றால் அவரை அறிந்தவராகவோ அவ்வூராராகவோ இருத்தல் வேண்டும். கைப்பேசி இருக்கையின்மேல் இருந்தது நம்பத்தக்கதன்று. எவரோ வேண்டுமென்றே வைத்தது. ஒவ்வொரு படியும் முந்திய படியின்மேல் அறிவுக்கு ஒத்ததுபோலவே அமர்ந்திருக்கிறது. ஆனால் முதற்படியே பிழையானது. தேடியும் காணப்படாத பொருள் அங்கே இல்லாத பொருள் ஆகிவிடாது.

ஆற்றின் இயல்பை அறிந்தவர்கள் இதனைச் சொல்லக்கூடும். நீரில் மூழ்கிய உடல் முதலில் அடியில் அமிழ்ந்துவிடும். உள்ளே வாயு உண்டாகும்போதுதான் அது மேலெழும்பும். குளிர்ந்த நீரில் அவ்வாயு உண்டாகப் பல நாள்கள், சில வேளை பல வாரங்கள் ஆகும். இதற்கிடையில் நீரோட்டம் அதனை நகர்த்திக்கொண்டேயிருக்கும். நாணலும் வேரும் அதனைப் பற்றிக்கொள்ளும். சோனார் கருவி ஆற்றுப்படுகையைக் காட்டுமேயன்றி, அடர்ந்த நாணலுக்குள் கிடப்பதைக் காட்டவல்லதன்று. "விழுந்திருந்தால் கூவியிருக்க மாட்டாரா, நீந்தியிருக்க மாட்டாரா?" என்ற கேள்வியும் பலராலும் கேட்கப்பட்டது. ஏறத்தாழ 15 டிகிரி செல்சியஸுக்கும் குறைந்த குளிருள்ள நீரில் திடீரென விழும் மனிதன் தன் விருப்பமின்றியே பெருமூச்சு வாங்குகிறான். முகம் நீருக்குள் இருக்கும்போது அம்மூச்சு வாங்கப்பட்டால் காற்றுக்குப் பதில் நீரே நுரையீரலுள் செல்லும். நன்கு நீந்தத் தெரிந்தவர்க்கும் இது பொருந்தும். கூவுவதற்கு மூச்சு வேண்டும். அந்த மூச்சைத்தான் குளிர்நீர் முதலில் பறித்துக்கொள்ளுகிறது.

இவ்வறிவு எங்கும் மறைக்கப்பட்டிருக்கவில்லை. எனினும் அவ்வூருக்கு நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் ஆள்கள் வந்து குவிந்தனர். வெறுமையாயிருந்த கட்டடங்களில் நுழைந்தனர், மண்ணைத் தோண்டினர், இரவில் விளக்கு ஏந்தி வீட்டுத் தோட்டங்களைச் சுற்றிவந்து, தாம் செய்வதைப் படம்பிடித்து உலகிற்குக் காட்டினர். காவல்துறை அவர்களைக் கலைந்துபோகும்படி உத்தரவிட வேண்டியதாயிற்று. உள்ளூர் மன்ற உறுப்பினர்களுக்குத் தீய செய்திகள் அனுப்பியதாக இருவர் கைது செய்யப்பட்டனர். மனைவியைத் தேடித் தவித்த கணவர் நிலையிலிருந்தவர்மீதே சந்தேகம் வீசப்பட்டது. நீர்த்தேடலில் வல்லவர் எனப் பெயர்பெற்ற ஒருவர், அவர் ஆற்றில் இருப்பதாகத் தாம் நம்பவில்லை என வெளிப்படையாகக் கூறியதும் இவ்வூகங்களுக்கு எண்ணெய் வார்த்தது.

பிப்ரவரி 15 அன்று காவல்துறையினர் அப்பெண்மணியின் உடல்நலம் சார்ந்த அந்தரங்கச் செய்திகளை வெளியிட்டனர். வதந்தியை அடக்குவதே அவர்கள் நோக்கம். விளைவோ மறுதலை: அதுவரை அறியப்படாத ஒரு குடும்பத் துன்பம் உலகின் பேச்சாயிற்று. நான்கு நாள்களுக்குப்பின், பிப்ரவரி 19 ஞாயிறன்று, அவர் காணாமற்போன இடத்திலிருந்து ஏறக்குறைய ஒரு மைல் கீழே, ஆற்றில் நாணலினிடையே உடல் கிடைத்தது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் நடைபெற்ற மரண விசாரணை, அது தற்செயலாக நீரில் மூழ்கி நேர்ந்த மரணம் என முடிவு செய்தது. நவம்பரில் காவல்துறைக் கல்லூரி வெளியிட்ட ஆய்வறிக்கை, அந்தரங்கச் செய்தி வெளியீடு தவிர்த்திருக்கக்கூடியது, தேவையற்றது எனக் கண்டித்தது. அன்றியும், அறிவிக்கத்தக்கதைக் காலத்தில் அறிவிக்காமையால் உண்டான வெற்றிடத்தை ஊகங்கள் நிரப்பிக்கொண்டன என்றும் அது கூறியது. பழி முழுவதையும் ஊகித்தவர்மீதே சுமத்திவிடாமல் இருப்பதற்கு இக்குறிப்பு நமக்குத் தேவை.

இரண்டாவது நிகழ்ச்சி அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்தில், பிராவிடன்ஸ் ஆற்றைச் சார்ந்தது. (1636 இல் ரோஜர் வில்லியம்ஸ் அந்நகரை நிறுவியபோது கடவுளின் பராமரிப்பை நினைந்து அதற்கு இப்பெயரைச் சூட்டினார்.) 2013 மார்ச் நடுவில் அந்நகரில் தெற்காசிய வம்சாவளியினரான ஒரு மாணவர் காணாமற்போனார். குடும்பத்தினர் அவருடைய படத்தைப் பரப்பி, கண்டோர் அறிவிக்கும்படி வேண்டிக்கொண்டனர். ஏப்ரல் 15 அன்று பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தில் குண்டுகள் வெடித்து மூவர் மாண்டனர். 18 ஆம் நாள் மாலை சந்தேகத்திற்குரிய இருவரின் தெளிவற்ற படங்கள் வெளியாயின. அன்றிரவே, அப்படங்களில் ஒன்று அந்த மாணவரைப்போல் இருப்பதாக ஒருவர் சொல்ல, பல்லாயிரவர் அதனை உறுதியென்றே எடுத்துரைத்தனர். பத்திரிகைத் துறையினருள்ளும் சிலர் அதனைப் பரப்பினர். மகனைத் தேடுவதற்கென அக்குடும்பம் திறந்துவைத்திருந்த பக்கத்திலேயே வசைமொழிகள் குவிந்தமையால் அதனை மூட நேரிட்டது. விடியற்காலையில் உண்மையான சந்தேகத்திற்குரியோர் வேறு இருவர் எனத் தெரியவந்தது. 23 ஆம் நாள் அந்த மாணவரின் உடல் ஆற்றில் கண்டெடுக்கப்பட்டது. அவர் குண்டுவெடிப்புக்கு முன்னரே இறந்திருந்தார். ஊகம் பெரிதும் பரவிய ரெடிட் என்னும் இணையதளத்தின் நிர்வாகம் பொதுவில் மன்னிப்புக் கேட்டது.

இவ்விரண்டாம் நிகழ்ச்சியில் கட்டளை மீறப்பட்டது எவர்க்கும் விளங்கும். மறுமொழி சொல்ல வாயற்ற ஒரு மரித்தவன்மீது கொலைப்பழி சாற்றப்பட்டது. அங்கே நிறமும் தன் பங்கை ஆற்றியது என்று கருதுகிறோம். முதல் நிகழ்ச்சி கூர்ந்து நோக்கினாலன்றி விளங்காது. ஆனால் இரண்டிலும் வேர் ஒன்றே. பெரிய துயரத்திற்குப் பெரிய காரணம் இருந்தேயாக வேண்டும் என மனித மனம் எதிர்பார்க்கிறது. ஈரமான கரையில் ஓர் அடி சறுக்கியது என்பது அவ்வளவு பெரிய துயரத்திற்குச் சிறிய காரணமாகத் தோன்றுகிறது. குற்றவாளி ஒருவன் இருப்பானாகில் உலகம் மீண்டும் பொருளுடையதாகிறது. சீலோவாம் கோபுரம் விழுந்து மாண்ட பதினெட்டுப் பேரைக் குறித்து ஆண்டவர் உரைத்ததை (லூக்கா 13) நாம் இவ்விடத்தில் நினைக்கலாம். அங்கும் மக்கள் தேடியது ஒரு குற்றமே. மாண்டவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளா என்னும் எண்ணத்தை அவர் மறுத்தார். வேறொரு விளக்கத்தை அதற்கு ஈடாகத் தரவுமில்லை.

பொருள்களைக் கண்டு முடிவு கட்டுவதில் உள்ள இடரை ஆதியாகமம் 37 காட்டுகிறது. இரத்தம் தோய்ந்த அங்கி யாக்கோபின்முன் வைக்கப்பட்டு, இது உம் மகனுடையதா என்று அடையாளம் காணும்படி கேட்கப்படுகிறான். அங்கி யோசேப்பினுடையதே, அவ்வளவும் உண்மை. துஷ்டமிருகம் தின்றது என்பது யாக்கோபு தானே சேர்த்துக்கொண்டது. "அடையாளம் காண்" என்னும் அதே எபிரேயச் சொல்லை அடுத்த அதிகாரத்தில் தாமாரும் ஆளுகிறாள்; அங்கோ பொருள்கள் உண்மைக்கு வழிகாட்டுகின்றன. ஆகவே திருமறை சான்றுப்பொருளை இகழவில்லை. சான்று எங்கே முடிகிறது, நம் சேர்க்கை எங்கே தொடங்குகிறது என்பதைப் பகுத்தறியும்படி செய்கிறது.

ஆயர்களுக்கு இதனினும் பயன்தரும் பகுதி உபாகமம் 21:1-9 என்பது நம் கருத்து. நாம் அதனைப் பிரசங்க மேடையில் எடுப்பதில்லை. வெளியிலே கொலையுண்டவன் ஒருவன் கிடக்கிறான். கொன்றவன் யாரென்று தெரியவில்லை. இது காணாமற்போனவரின் காரியம் அன்று, காணப்பட்டவரின் காரியம். எனினும் அறியாமையின் முன் ஒரு சமுதாயம் எவ்வாறு நிற்க வேண்டும் என்பதற்குத் திருமறையில் இதைப்போன்ற சட்டம் வேறில்லை. மூப்பரும் நியாயாதிபதிகளும் முதலில் செய்வது அளப்பது: உடல் கிடக்கும் இடத்திலிருந்து சுற்றிலுமுள்ள பட்டணங்களுக்குத் தூரம் அளக்கப்படுகிறது. அண்மையிலுள்ள பட்டணத்தின் மூப்பர், வேலைக்குப் பயன்படுத்தப்படாத ஒரு கிடாரியை, உழுது விதைக்கப்படாத பள்ளத்தாக்கிற்குக் கொண்டுபோய், லேவியரான ஆசாரியர் உடனிருக்க, கைகளைக் கழுவி, தங்கள் கை இந்த இரத்தத்தைச் சிந்தவில்லை, தங்கள் கண் அதைக் காணவுமில்லை என அறிக்கையிடுகின்றனர். அப்பள்ளத்தாக்கைக் குறிக்கும் 'நஹல் ஏத்தான்' என்னும் எபிரேயத் தொடரை யூத ரபீக்கள் கரடுமுரடான பள்ளத்தாக்கு எனக் கொண்டனர். வற்றாத ஓடை என்பதே இன்று பெரும்பாலோர் கொள்ளும் பொருள். ஆமோஸ் 5:24 இல் நீதிக்கு உவமையாக வருவதும் இதே தொடர்தான்.

இச்சடங்கில் எவர் பெயரும் குற்றவாளியாகச் சுட்டப்படுவதில்லை என்பதே நாம் கவனிக்க வேண்டியது. "நாங்கள் காணவில்லை" என்று சொல்வதற்கு ஒரு முறைமையே வகுக்கப்பட்டிருக்கிறது. ஆயினும் அறியாமை பொறுப்பின்மையாகிவிடவில்லை. அண்மையிலுள்ள ஊர் தூரத்தை அளந்து, தன் பொருளைச் செலவிட்டு, ஓடைக்கரைவரை நடந்து செல்லுகிறது. மிஷ்னாவின் சோத்தா என்னும் பகுதி இதன்மேல் ஒரு கேள்வி எழுப்புகிறது: மூப்பர்கள் கொலைகாரர் என்று யாரேனும் எண்ணுவரோ, அவர்கள் ஏன் இவ்வாறு அறிக்கையிட வேண்டும்? அவன் எங்களிடம் வந்தபோது உணவின்றி அனுப்பிவிடவில்லை, கண்டபோது வழித்துணையின்றி விட்டுவிடவில்லை என்பதே அவர்கள் சொல்லுவதன் கருத்து என மிஷ்னா விடை தருகிறது. யார் செய்தது என்ற கேள்வி, நாம் என்ன செய்தோம் என்று திரும்பிவிடுகிறது.

லுத்தர் 1529 ஆம் ஆண்டின் பெரிய ஞானோபதேசத்தில் இக்கட்டளையை விளக்கும்போது, அயலானின் குற்றத்தை அறிந்திருப்பது வேறு, அதன்மேல் தீர்ப்புச் சொல்லுவது வேறு எனப் பிரிக்கிறார். அறிந்ததைப் பற்றியே அவர் இவ்வளவு எச்சரிக்கையாயிருந்தார் எனில், அறியாததைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அறிந்தவர் அதனை உரியவரிடத்தில் சொல்லக் கடமைப்பட்டவர். வையர் ஆற்றங்கரையில் அன்று காலை அப்பாதையில் நடந்தவர்கள் தாம் கண்டதைக் காவல்துறையிடம் கூறினார்கள், அது சாட்சி. நூறு மைல் தொலைவிலிருந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து எழுதியது சாட்சியன்று.

நம் சபைகளில் இத்தகைய காரியம் நேரும்போது ஆயர் பல முனைகளிலிருந்து நெருக்கப்படுவார். காணாமற்போனவரின் வீட்டார் அனுபவிப்பதை பாலின் பாஸ் என்னும் அமெரிக்க அறிஞர் தெளிவற்ற இழப்பு என வரையறுத்தார்: இறந்தார் என்று துக்கம் கொண்டாடவும் இயலாது, இருக்கிறார் என்று எதிர்நோக்கவும் இயலாது. இந்நிலையில் ஒவ்வொரு புதிய ஊகமும் அவர்களை மீண்டும் தொடக்கத்திற்கே இழுத்துச் செல்லும். தரிசனம் கண்டதாகச் சொல்லி, இன்ன திசையில் உயிருடன் இருக்கிறார் என்று அறிவிக்க வருவோரும் உண்டு; அவர்களை அவ்வீட்டு வாசலில் நிறுத்திவிடுவது ஆயரின் கடமை என்று நாம் துணிந்து கூறுவோம். ஜெபம் என்னும் பெயரால் வருகிறார்கள் என்பதால் அவ்வார்த்தை செய்யும் காயம் குறைந்துவிடாது.

ஞாயிறு ஆராதனையின் மன்றாட்டிலும் எச்சரிக்கை வேண்டும். கடத்தினவர்களின் மனம் திரும்பும்படி வேண்டிக்கொள்ளும்போது, கடத்தல் நடந்தது என்று பீடத்திலிருந்தே அறிவித்தவராகிறோம். சபையார் வீடு சேருமுன் அது செய்தியாகிவிடும். காணாமற்போனவரையும், தேடிக்கொண்டிருப்போரையும், வீட்டில் காத்திருக்கும் பிள்ளைகளையும் குறிப்பிட்டு மன்றாடலாம். நடந்தது இன்னதென்று சொல்லும் வாக்கியம் அம்மன்றாட்டில் இடம்பெற வேண்டியதில்லை. மற்ற நேரத்தில் ஆயரும் மூப்பரும் அவ்வீட்டில் உட்கார்ந்திருந்து, வருவோர்க்குக் காப்பி கொடுத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லவும் வேண்டியிருக்கும்.