ஐஸ் மேக்கர் நின்றுவிட்டதா? தண்ணீர் வரும் வழியைப் பாருங்கள்

ஃபிரிட்ஜ் நன்றாகக் குளிர்கிறது. பால் கெடவில்லை, காய்கறி வாடவில்லை. ஆனால் ஐஸ் மட்டும் விழவில்லை. தானே ஐஸ் செய்யும் வசதியுள்ள பெரிய ஃபிரிட்ஜ்களில் அடிக்கடி வரும் தொல்லை இது. உடனே ஐஸ் மேக்கரையே மாற்றிவிடலாம் என்று முடிவு செய்யாதீர்கள். பல வீடுகளில் கோளாறு அந்தக் கருவிக்குள் இருப்பதில்லை. அதற்குத் தண்ணீர் வந்து சேரும் வழியில் எங்கோ இருக்கிறது. அந்த வழியை முறையாகச் சோதித்தால், பெரும்பாலான வேலையை வீட்டிலேயே முடித்துக்கொள்ளலாம்.

எப்படி வேலை செய்கிறது?

ஃபிரிட்ஜின் பின்பக்கம் கீழே ஒரு வால்வு இருக்கும். மின்சாரம் கிடைத்ததும் அது சில நொடிகள் திறக்கும். தண்ணீர் மெல்லிய டியூப் வழியாக மேலேறி ஃப்ரீசருக்குள் இருக்கும் அச்சில் விழும். பல மாடல்களில் ஒரு முறைக்கு நிரம்பும் அளவு சுமார் 140 மி.லி.தான். அச்சு போதுமான அளவு குளிர்ந்ததும் சென்சார் அதை உணரும். உலோக அச்சு என்றால் அடியில் உள்ள ஹீட்டர் லேசாகச் சூடாகி ஐஸைத் தளர்த்தும். பிறகு ஒரு கை சுழன்று துண்டுகளைக் கூடைக்குள் தள்ளும். பிளாஸ்டிக் அச்சு என்றால் மோட்டார் அதை முறுக்கித் துண்டுகளை உதிர்க்கும். கூடை நிறைந்துவிட்டதா என்பதை ஒரு கம்பி அல்லது ஒளி சென்சார் பார்த்துக்கொள்ளும். நிறைந்திருந்தால் வேலை நிற்கும்.

ஆக, ஐஸ் கிடைக்க வேண்டுமானால் தண்ணீர், குளிர், மின்சாரம் மூன்றும் சரியாக இருக்க வேண்டும். இவற்றில் அதிகம் தவறுவது தண்ணீர்.

எளிய சோதனைகள் முதலில்

கூடைக்கு மேலே உள்ள கம்பி தூக்கிய நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். ஏதாவது ஒரு பொட்டலம் இடித்து அது மேலே மாட்டிக்கொண்டிருந்தாலும், கூடை நிறைந்துவிட்டது என்று கருவி எடுத்துக்கொள்ளும். கம்பி இல்லாத பல மாடல்களில் ஐஸ் மேக்கரை நிறுத்தும் பட்டன் கதவிலேயே இருக்கும். குழந்தைகள் தெரியாமல் அழுத்தியிருக்கலாம்.

அடுத்தது குளிர். ஃப்ரீசருக்குள் ஒரு தெர்மாமீட்டரை வைத்து, சில மணி நேரம் கழித்துப் பாருங்கள். மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் இருப்பது நல்லது. மைனஸ் 12 அளவுக்கு ஏறிவிட்டால் ஐஸ் உருவாவது மந்தமாகும், நின்றும் போகலாம். கதவின் ரப்பர் பட்டையில் ஒரு தாளைச் செருகிக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள். தடையே இல்லாமல் தாள் வந்துவிட்டால், அந்த இடத்தில் குளிர் கசிகிறது.

புதிதாக வாங்கிய ஃபிரிட்ஜ் என்றால் கொஞ்சம் பொறுங்கள். இணைப்புக் கொடுத்த பிறகு முதல் ஐஸ் விழவே ஒரு நாள் ஆகலாம்.

அழுத்தம் போதுமா?

நம் ஊர் வீடுகளில் கவனமாகப் பார்க்க வேண்டிய இடம் இதுதான். ஐஸ் மேக்கரின் வால்வுக்குக் குறைந்தது 20 பிஎஸ்ஐ அளவு நீரழுத்தம் வேண்டும். சில நிறுவனங்கள் இன்னும் அதிகமாகக் கேட்கின்றன. அமெரிக்க நகரங்களில் வீட்டுக் குழாய்களில் பொதுவாக 40 முதல் 80 பிஎஸ்ஐ வரை கிடைக்கிறது. அதை நம்பி வடிவமைக்கப்பட்ட கருவி இது.

நம் வீடுகளுக்குத் தண்ணீர் வருவது மொட்டைமாடித் தொட்டியிலிருந்து. 10 மீட்டர் உயரத்திலுள்ள தண்ணீர் தரும் அழுத்தம் சுமார் 14 பிஎஸ்ஐ. ஒரு மாடி மட்டும் உள்ள வீட்டில் தொட்டி ஃபிரிட்ஜுக்கு மேலே 5 மீட்டர் உயரத்தில் இருந்தால், கிடைப்பது 7 பிஎஸ்ஐதான். அடுக்குமாடிக் குடியிருப்பில் கீழ்த்தளத்துக்காரருக்கு ஐஸ் தாராளமாக விழுவதும், மேல்தளத்துக்காரருக்கு விழாமல் போவதும் இதனால்தான்.

குறைந்த அழுத்தம் இரண்டு வகையில் கெடுக்கும். ஒன்று, வால்வு திறந்திருக்கும் சில நொடிகளில் அச்சு நிரம்பாது. ஐஸ் சின்னதாகவோ உள்ளே ஓட்டையாகவோ வரும். இரண்டாவது பலருக்குத் தெரியாதது. இந்த வால்வு இறுக மூடிக்கொள்வதற்கும் தண்ணீரின் அழுத்தம்தான் துணை. அழுத்தம் குறைந்தால் அது முழுதாக மூடாமல் சொட்டும். சொட்டும் தண்ணீர் டியூபின் வாயிலேயே உறைந்து வழியை அடைத்துவிடும்.

ஃபிரிட்ஜ் கதவில் குடிதண்ணீர் வரும் வசதி இருந்தால் சோதனை சுலபம். 10 நொடியில் சுமார் 170 மி.லி., அதாவது சின்ன டம்ளர் நிறைய, தண்ணீர் வர வேண்டும். அந்த வசதி இல்லையென்றால், ஃபிரிட்ஜின் பின்னால் டியூபைக் கழற்றி ஒரு வாளியில் விட்டுக் குழாயைத் திறங்கள். தண்ணீர் தடையின்றிப் பீய்ச்சி வர வேண்டும். நூல் போல ஒழுகினால் அழுத்தம் போதாது.

சுவரில் மாட்டும் ஆர்.ஓ. கருவியிலிருந்து ஃபிரிட்ஜுக்கு இணைப்புக் கொடுத்திருந்தால் கூடுதல் கவனம் தேவை. அதிலுள்ள சிறு தொட்டியிலிருந்து தண்ணீர் தன் எடையால் மட்டுமே இறங்குகிறது. தானாக இயங்கி நிற்கும் சிறிய பிரஷர் பம்ப் ஒன்றை இடையில் வைப்பதுதான் இதற்குத் தீர்வு. ஐஸ் மேக்கரை மாற்றினால் இந்தக் குறை தீராது.

ஃபில்டர், உப்பு, அடைப்பு

ஃபிரிட்ஜுக்குள் இருக்கும் தண்ணீர் ஃபில்டரை வழக்கமாக 6 மாதத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்வார்கள். உப்புத் தண்ணீர் உள்ள இடங்களில் அதற்கு முன்பே அடைத்துக்கொள்ளலாம். பல மாடல்களில் ஃபில்டருக்குப் பதிலாகச் செருகும் ஒரு மூடி உடன் வரும். அதைச் செருகி ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். ஐஸ் விழ ஆரம்பித்தால் குற்றவாளி ஃபில்டர்தான். புதியது மாட்டியபின் முதலில் வரும் ஐஸைக் கொட்டிவிடுங்கள்.

அடுத்து வால்வு. பிளக்கைப் பிடுங்கி, தண்ணீரை அடைத்துவிட்டு டியூபைக் கழற்றினால், வால்வின் வாயில் ஒரு சிறு சல்லடை தெரியும். மணலும் உப்புப் படிவும் அங்கே சேரும். மென்மையான பிரஷால் கழுவினால் போதும். மல்டிமீட்டர் இருந்தால் வால்வு காயிலின் இரு முனைகளிலும் ஓம் அளந்து பாருங்கள். இணைப்பே காட்டவில்லையென்றால் காயில் எரிந்துவிட்டது. வால்வை மட்டும் மாற்றினால் போதும்.

டியூப் உறைந்திருந்தால்

அச்சுக்கு மேலே தண்ணீர் விழும் டியூபின் வாயில் பனிக்கட்டி அடைத்திருந்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை அதன்மேல் சுற்றி வையுங்கள். ஹேர் டிரையர் பயன்படுத்தினால் குறைந்த சூட்டில், சற்றுத் தள்ளிப் பிடியுங்கள். கிட்டே பிடித்தால் பிளாஸ்டிக் வளையும். உருகும் தண்ணீர் ஹேர் டிரையரில் படாமல் துணி விரித்துக்கொள்ளுங்கள்.

கத்தி, ஸ்க்ரூடிரைவர் எதையும் வைத்துப் பனியைக் குத்தாதீர்கள். உள்ளே ஓடும் குளிர்பதனக் குழாயில் ஓட்டை விழுந்தால் ஃபிரிட்ஜே போய்விடும். இன்றைய பல ஃபிரிட்ஜ்களில் இருப்பது ஆர்600ஏ என்ற, தீப்பற்றக்கூடிய வாயு. உலோக அச்சையும் சுரண்டக் கூடாது. அதன் மேல்பூச்சு போய்விட்டால் ஐஸ் ஒட்டிக்கொண்டு விழாது.

ஐஸே காட்டிக்கொடுக்கும்

துண்டுகள் சின்னதாக இருந்தால் தண்ணீர் குறைவு. ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகியிருந்தால் கதவு சரியாக மூடவில்லை, அல்லது ஐஸை நீண்ட நாள் எடுக்காமல் விட்டிருக்கிறீர்கள். நாற்றம் அடித்தால் கூடையைக் காலி செய்து, சமையல் சோடா கலந்த வெதுவெதுப்பான நீரில் கழுவுங்கள். ஃப்ரீசரில் உள்ள மீனையும் இறைச்சியையும் மூடிவையுங்கள். அச்சிலிருந்து தண்ணீர் வழிந்து கூடைக்குள் உறைந்திருந்தால், ரசமட்டம் வைத்து ஃபிரிட்ஜ் சரியாக நிற்கிறதா என்று பாருங்கள். சாய்ந்து நின்றால் தண்ணீர் ஒரு பக்கமாக வழியும்.

கடைசியில்தான் கருவி

தண்ணீரும் குளிரும் சரியாக இருந்தும் ஐஸ் விழவில்லையென்றால் கருவியைச் சந்தேகிக்கலாம். பல மாடல்களில் அதற்குச் சோதனை பட்டன் உண்டு. சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் மோட்டார் சுழன்று தண்ணீர் நிரப்ப வேண்டும். அசைவே இல்லையென்றால் மாற்ற வேண்டியதுதான். பல மாடல்களில் அது சில திருகுகளிலும் ஒரு ஒயர் இணைப்பிலும்தான் நிற்கிறது. ஃபிரிட்ஜின் உள்சுவரில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைச் சொல்லி அதே பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். வாரன்டி இருக்கும்வரை எதையும் கழற்றாமல் நிறுவனத்தையே அழையுங்கள்.

ஃப்ரீசரே குளிரவில்லை என்றாலோ, கம்ப்ரஸர், கேஸ், எலக்ட்ரானிக் போர்டு சம்பந்தப்பட்ட கோளாறு என்றாலோ அது மெக்கானிக்கின் வேலை. அங்கே கை வைக்காதீர்கள். மற்றபடி, புதுக் கருவிக்குப் பணம் கொடுக்கும் முன் அழுத்தம், ஃபில்டர், வால்வு, டியூப் ஆகிய நான்கையும் இதே வரிசையில் ஒரு முறை பார்த்துவிடுங்கள். மெக்கானிக்கை அழைக்க நேர்ந்தாலும், இந்த நான்கில் எது சரி, எது சரியில்லை என்று அவரிடம் சொல்லுங்கள். தேவையில்லாத பாகத்தை மாற்றும் செலவு மிஞ்சும்.