ஓராசிரியர், பல வழிகள்: மூச்சோடு இயையும் உடலசைவு

யோகாசனம் என்றவுடன் உடலை வளைத்தலும், முறுக்குதலும், தலைகீழாய் நிற்றலுமே பலருடைய நினைவிற்கு வருகின்றன. வளைவதே யோகமாயின், சர்க்கஸ் கூடாரத்தில் உடலை வில்லாய் வளைத்துக் காட்டும் சிறுமியை விஞ்சிய யோகி உலகில் எவரும் இலர் என்று முடிவு கட்ட நேரிடும். பதஞ்சலி முனிவரின் யோக சூத்திரத்தில் ஏறத்தாழ இருநூறு சூத்திரங்கள் உள்ளன. அவற்றுள் ஆசனத்தைப் பற்றி நேரே பேசுவன மூன்றே. இருக்கை அசையாததாகவும் இனியதாகவும் இருத்தல் வேண்டும். முயற்சியின் இறுக்கம் தளர்தல் வேண்டும். மனம் எல்லையற்றதில் படிதல் வேண்டும். அவ்வாறாயின் வெப்பம், குளிர் போன்ற இரட்டைகள் தாக்கமாட்டா என்ற அளவில் அவர் நிறுத்திக்கொண்டார். திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் ஆசனத்திற்குச் சில பாடல்களையே ஒதுக்கி, மூச்சை நெறிப்படுத்தும் முறையை அதனினும் விரிவாகக் கூறுகிறார்.

அங்ஙனமாயின், இன்று உலகெங்கும் யோகம் என்ற பெயரால் பயிலப்படும் தொடர் அசைவுகள், அதாவது மூச்சை இழுத்துக்கொண்டே கையுயர்த்துவதும் மூச்சை விட்டுக்கொண்டே குனிவதும், எங்கிருந்து வந்தன? இவ்வினாவிற்கு விடை தேடுவோர் பெரும்பாலும் மைசூர் நகருக்கே வந்து சேர்கின்றனர்.

1888இல் கன்னட நாட்டுச் சித்திரதுர்க்கைப் பகுதியில் வைணவக் குடும்பமொன்றில் பிறந்தவர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார். வடமொழியும் தருக்கமும் ஆயுர்வேதமும் கற்ற பேரறிஞர். மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் ஆதரவில், 1933ஆம் ஆண்டு ஜகன்மோகன அரண்மனையில் இவருக்கென யோகசாலை ஒன்று அமைந்தது. அங்கே இவரிடம் பயின்றோரிற் பலர் அரச குடும்பத்துச் சிறுவர்கள். துள்ளித் திரியும் பருவத்தினரை ஓரிடத்தில் இருத்தி மனத்தை ஒடுக்கச் சொன்னால் நடக்குமா? பள்ளியில் ஒரு நாள் பாடம் நடத்தியவர்க்கும் இதன் விடை தெரியும். ஆதலின் ஒரு நிலையிலிருந்து மறு நிலைக்குத் தாவியும் சுழன்றும் செல்லும் விரைவான வரிசைகள் அங்கே வளர்ந்தன. மைசூர் அரண்மனையில் முன்பே நிலவிய மல்யுத்தப் பயிற்சியும், அக்காலத்து உடற்பயிற்சி இயக்கங்களும் இவ்வரிசைகளில் கலந்தன என்று நார்மன் ஸ்ஜோமன், மார்க் சிங்கிள்டன் போன்ற ஆய்வாளர்கள் எழுதியுள்ளனர். இதை மறுப்போரும் உளர். எவ்வாறாயினும், பழமை புதுமையோடு கலந்தது குறையாகாது. கலந்தவற்றைக் கோத்த நூல் எது என்பதே காணத்தக்கது. அந்நூல் மூச்சு.

கிருஷ்ணமாச்சாரியார் இதனை வின்யாசம் என்றார். முறைப்படி அடுக்கி வைத்தல் என்பது அச்சொல்லின் பொருள். 1934இல் கன்னடத்திலும் பின்னர்த் தமிழிலும் வெளிவந்த ‘யோக மகரந்தம்’ என்னும் அவருடைய நூலில், ஆசனங்கள் இத்தனை வின்யாசம் உடையன என்று எண்ணிக் காட்டப்பட்டுள்ளன. விதி எளியது. மார்பு விரியும் அசைவுகளை உள்மூச்சோடும், வயிறு மடியும் அசைவுகளை வெளிமூச்சோடும் செய்தல் வேண்டும். கையுயர்த்தும்போதும் பின்னோக்கி வளையும்போதும் விலாக்கூடு விரிதலின் காற்று தானே உட்புகும். குனியும்போது வயிற்றின் உள்ளுறுப்புகள் மேலெழுந்து உதரவிதானத்தைத் தள்ளுதலின் காற்று தானே வெளியேறும். உடலின் இயல்பையே விதியாக்கியதுதான் இதன் சிறப்பு.

இனி, மூச்சை மட்டும் தெரிந்தெடுத்தது ஏன் என்பதையும் நோக்குதல் வேண்டும். இதயத் துடிப்பை ஒருவர் கட்டளையிட்டு நிறுத்தவோ விரைவாக்கவோ இயலாது. இரைப்பை செரிக்கும் வேலையும் அத்தகையதே. மூச்சோ உறங்கும்போது தானே நடக்கிறது. விழித்திருக்கும்போது வேண்டியவாறு நீட்டவும் குறுக்கவும் இசைகிறது. தானியங்கும் நரம்பு மண்டலத்திற்குள் மனிதன் விருப்பத்தோடு நுழையத்தக்க வாயில் இது ஒன்றே எனலாம். வெளிமூச்சை மெல்ல நீட்டும்போது, மூளையிலிருந்து இதயத்திற்கு இறங்கும் வேகஸ் நரம்பின் வழியாக இதயத்தின் விரைவு தணிகிறது என்பதை இன்றைய மருத்துவமும் ஒப்புகிறது. மற்றொரு பயனும் உண்டு. மூச்சின் நீளத்திற்கு ஏற்பக் கையை உயர்த்த வேண்டுமென்றால், கையையும் மூச்சையும் ஒருங்கே கவனித்தாக வேண்டும். மனம் கடைத்தெருவிற்குப் போய்விட்டால் இரண்டும் பிரிந்துவிடும். பிரிந்தது உடனே தெரியவும் தெரியும்.

இவ்வாசிரியரிடம் பயின்றோர் உலகப் புகழ் பெற்றனர். வியப்பு யாதெனில், ஒருவர் கற்பிப்பது போல மற்றவர் கற்பிக்கவில்லை.

1915இல் ஹாசன் அருகே பிறந்த பட்டாபி ஜோயிஸ், பன்னிரண்டாம் வயதில் கிருஷ்ணமாச்சாரியாரின் ஆசன விளக்கம் ஒன்றைக் கண்டு மாணாக்கரானவர். மைசூரின் விரைவான வரிசைகளை அப்படியே காத்து, 1948இல் தம் நிலையத்தை நிறுவினார். இம்முறையில் சூரிய நமஸ்காரத்தின் முதல் வகைக்கு ஒன்பது வின்யாசம், இரண்டாம் வகைக்குப் பதினேழு. ஒவ்வொரு நிலையிலும் பார்வை பதிய வேண்டிய இடமும் குறிக்கப்பட்டுள்ளது. மூக்கு நுனி, கட்டை விரல், கொப்பூழ் என அவை ஒன்பது. வரிசை நாள்தோறும் மாறாது. வாய்பாடு மனப்பாடமான சிறுவன் எண்களைத் தேடாமல் கணக்கைக் கவனிப்பது போல, அடுத்து என்ன என்ற எண்ணம் ஒழிந்தபின் மனம் மூச்சிலேயே நிற்கும் என்பது இதன் கருத்து. ஒரே கூடத்தில் ஒவ்வொருவரும் தத்தம் மூச்சிற்கேற்பப் பயில, ஆசிரியர் சுற்றி வந்து திருத்துவார். ஒரு நிலை அமைந்த பின்னரே அடுத்ததைக் கொடுப்பார்.

ஆசிரியர் கைவைத்துத் திருத்தும் இப்பழக்கத்திற்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. தகாத முறையில் ஜோயிஸ் தங்களைத் தொட்டார் என்று மாணவியர் பலர் குற்றஞ்சாட்டினர். அவர் 2009இல் மறைந்தார். பாட்டனார் முறையற்றுத் திருத்தியதைத் தாமும் கண்டதாக அவருடைய பேரன் சரத் 2019இல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். குருவின் புகழ் கருதி இதனை மறைத்து எழுதுவது மாணாக்கர்க்குச் செய்யும் தீங்கேயாகும்.

பி. கே. எஸ். ஐயங்கார் கிருஷ்ணமாச்சாரியாரின் மைத்துனர். 1918இல் பிறந்து, மலேரியா, டைபாய்டு, காசநோய் என நோய்களுக்கிடையே வளர்ந்தவர். காட்சியொன்றில், கால்களை முன்னும் பின்னுமாய்த் தரையோடு விரிக்கும் அனுமானாசனத்தைச் செய்யுமாறு ஆசிரியர் ஆணையிட, பழகாத அந்நிலையைச் செய்து தொடைத் தசைநார் கிழிந்து நெடுங்காலம் துன்புற்றதாக அவரே கூறியுள்ளார். 1937இல் பூனாவிற்கு ஆசிரியராய் அனுப்பப்பட்டபோது அவருக்கு வயது இருபதுகூட நிரம்பவில்லை. வழிகாட்டுவாரும் அருகில் இல்லை. தம் உடலையே நூலாகக் கொண்டு கற்றார். ஆதலின் அவர் வழியில் விரைவு இல்லை. நிலையில் நிற்றலே உண்டு. நேராய் நிற்கும் தாடாசனத்தையே எடுத்துக்கொண்டால், உடலின் பாரம் குதிகாலில் விழுகிறதா, விரல்களில் விழுகிறதா, இரு பாதங்களிலும் ஒத்து விழுகிறதா என்று தேடச் செய்வார். தசைகளிலும் மூட்டுகளிலும் உள்ள நுண்ணிய நரம்பு முனைகள், உறுப்பு எங்கே எவ்வாறு இருக்கிறது என்று மூளைக்கு ஓயாமல் செய்தி அனுப்பிய வண்ணம் உள்ளன. அச்செய்திகளைக் கேட்கப் பழகுவதே இவ்வழியில் தியானம். உடல் இணங்காதவர்க்கு மரக்கட்டை, வார், கயிறு, கம்பளம், நாற்காலி ஆகியவற்றைத் துணையாக்கினார். 1958இல், எண்பது வயதைக் கடந்த பெல்ஜியம் நாட்டு அரசியார் எலிசபெத்திற்கு அவர் சிரசாசனம் கற்பித்தார். 1966இல் வெளிவந்த அவருடைய பெருநூலில் ஏறத்தாழ அறுநூறு படங்கள் இடம்பெற்றுள்ளன.

ரீகா நகரிற் பிறந்து இந்திரா தேவி எனப் பெயர் பூண்ட அம்மையாரைச் சேர்த்துக்கொள்ள, பெண் என்றும் அயல்நாட்டவர் என்றும் கிருஷ்ணமாச்சாரியார் முதலில் மறுத்தார். மன்னர் சொல்லவே இசைந்தார். 1947க்குப் பின் அமெரிக்காவில் அவ்வம்மையார் பரப்பியது மென்மையான, இளைப்பாறுதலை முதன்மையாகக் கொண்ட வழி.

கிருஷ்ணமாச்சாரியார் 1950களின் தொடக்கத்தில் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். நோயாளரும் முதியோரும் அவரை நாடி வந்தனர். ஒருவர்க்கு ஒருவராய், நாடி பார்த்து, தொழிலும் வயதும் கேட்டு, பயிற்சி வகுத்தார். அவர் மகன் தேசிகாச்சார் பொறியியல் கற்றவர், யோகத்தில் நாட்டமில்லாதவர். வைதிக ஒழுக்கத்தில் சிறிதும் தளராத தந்தையை, உறக்கமின்மை தீர்ந்த மேல்நாட்டுப் பெண்மணி ஒருவர் நன்றிப் பெருக்கால் தழுவிக்கொண்ட காட்சியே தம்மை இக்கலைக்குத் திருப்பியது என்று அவர் சொல்வதுண்டு. 1976இல் சென்னையில் கிருஷ்ணமாச்சாரிய யோக மந்திரத்தை நிறுவினார். இவர் வழியில் ஆசனத்தின் வடிவம் மாறலாம், முழங்கால் மடங்கலாம், மூச்சு மட்டும் குலையக் கூடாது. மூச்சு தடுமாறினால் அசைவு மிகையாயிற்று என்பதே அளவுகோல்.

மைசூரில் கடுமை, சென்னையில் மென்மை என்று எளிதாகப் பிரித்துவிடுவது சரியன்று. 1955 முதல் சென்னையில் பயின்ற ஸ்ரீவத்ச ராமசுவாமி, இளைஞராயிருந்தமையின் எண்ணற்ற வின்யாசங்களை அங்கேயே கற்றார். இடம் மாறியதைவிட, எதிரே நின்ற ஆள் மாறியதே பெரிது. வளரும் பருவத்திற்குச் சிருஷ்டி கிரமம், இல்லறத்தார்க்கு ஸ்திதி கிரமம், முதுமைக்கு லய கிரமம் என மூன்றாகப் பகுத்தே ஆசிரியர் பாடம் வகுத்திருந்தார்.

இம்மரபைச் சேராதவர் எனினும், பத்தமடையில் பிறந்த சுவாமி சிவானந்தர் மலேசிய வாசகர்க்கு அயலார் அல்லர். 1913 முதல் ஏறத்தாழ பத்தாண்டுகள் சிரம்பானுக்கு அருகிலும் பின்னர் ஜோகூர் பாருவிலும் மருத்துவராய்ப் பணியாற்றிய பின்னரே அவர் ரிஷிகேசம் சென்று துறவு பூண்டார். 1957இல் அமெரிக்கா சென்ற அவர் மாணாக்கர் விஷ்ணுதேவானந்தர் பரப்பிய முறையில், பன்னிரண்டு ஆசனங்களுக்கிடையே இளைப்பாறுதல் வருகிறது. ஓர் அசைவு உடலில் விட்டுச் சென்றதைக் கிடந்தவாறு உணரச் செய்வது அதன் நோக்கம்.

இன்று கைத்தொலைபேசித் திரையைப் பார்த்து ஆசனம் பழகுவோர் பெருகிவிட்டனர். திரையில் தோன்றுபவர் எதிரே இருப்பவரின் மூச்சைக் கேட்பதில்லை. ரப்பர் வெட்டித் தேய்ந்த முழங்காலும், பதினெட்டு வயது முழங்காலும் அவருக்கு ஒன்றே. பட்டாபி ஜோயிஸின் வரிசையை ஐம்பதைக் கடந்தவர் பார்த்துச் செய்தலும், முதியோர்க்கு வகுத்ததைத் துடிப்புள்ள இளைஞன் செய்து சலிப்படைதலும் இங்ஙனம் நேர்வனவே.

கிருஷ்ணமாச்சாரியார் தமக்கும் அவ்வாறே பயிற்சி வகுத்துக்கொண்டார். தொண்ணூற்றாறாம் வயதில் இடுப்பெலும்பு முறிந்தபோது அறுவை மருத்துவத்தை மறுத்து, படுத்த படுக்கையிலேயே செய்யத்தக்க அசைவுகளை மூச்சோடு பொருத்தி அமைத்துப் பயின்றார் என்பர். நூறாண்டு நிறைவைக் கண்ட பின், 1989ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் காலமானார்.