கொடுவா பார்க்கும் பஞ்சாங்கம்

படாளம் கூட்டுரோட்டில் இறங்கி வேடந்தாங்கலுக்கு வழி கேட்பவர்கள் உண்டு. பாலாற்றுக்கு வழி கேட்டு யாரும் வருவதில்லை. மாமண்டூர் பாலத்தில் பஸ் போகும்போது எட்டிப் பார்த்தால், மழைக்காலத்தில் சில வாரங்கள் தவிர, கண்ணில் படுவது மணல்தான். நந்திமலைப் பக்கம் பிறந்து 348 கிலோமீட்டர் நடந்து வரும் ஆறு இங்கே மணலாகக் கிடக்கிறது. அதே ஆறு சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே கடலைத் தொடும் இடத்துக்குப் போங்கள். சித்திரை வெயிலிலும் தண்ணீர் இருக்கும். தூண்டிலோடு நாலு பேர் நிற்பார்கள். அவர்கள் முன்னால் கிடப்பது பெரும்பாலும் கடல் ஆற்றுக்குள் ஏறி வந்து தங்கிய நீர். வடக்கே கோவளம், முட்டுக்காடு கழியிலும் தெற்கே முதலியார்குப்பத்திலும் இதே கதைதான்.

கழியில் தூண்டில் போடுகிறவர் முதலில் பார்ப்பது மீனை அல்ல, நிலவை. கடல் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறுகிறது, இரண்டு முறை வற்றுகிறது. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். அதனால் இன்று காலை 6 மணிக்கு வந்த ஏற்றம் நாளைக் காலை 6.50க்குத்தான் வரும். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியனும் நிலவும் ஒரே கோட்டில் நின்று இழுக்கின்றன. நம் கரையில் நீர்மட்டம் அப்போது சுமார் 1 மீட்டர் ஏறி இறங்கும். அஷ்டமி நவமியை ஒட்டி அதில் பாதிகூட இருக்காது. குஜராத்தின் காம்பே வளைகுடாவில் 10 மீட்டர் வரை ஏறும் கடலைப் பார்த்தவருக்கு நம்முடையது ஒன்றுமே இல்லை. ஆனால் இடுப்பளவு ஆழமுள்ள கழிக்கு 1 மீட்டர் என்பது பெரிய விஷயம். பரந்து கிடக்கும் கழியின் நீரெல்லாம் குறுகலான முகத்துவாரம் வழியே போய்வர வேண்டியிருப்பதால், அங்கே ஓட்டம் வேகம் எடுக்கிறது.

இந்த ஓட்டம்தான் மீனுக்குச் சாப்பாட்டு மணி. நீர் வற்றும்போது சேற்றோரத்தில் மேய்ந்த இறாலும் மடவைக் குஞ்சும் வாய்க்கால்களில் இறங்கியே ஆகவேண்டும். கொடுவா மீன் அவற்றைத் துரத்துவதில்லை. பாலத் தூணின் பின்னாலோ பாறைக்குப் பக்கத்திலோ ஓட்டம் தணிந்த இடத்தில் ஒதுங்கி நிற்கும். இரை அருகே வந்ததும் வாயைச் சட்டென்று திறக்கும்; நீரோடு இரையும் உள்ளே போய்விடும். ஏற்றமும் வற்றமும் இல்லாமல் நீர் அசையாது நிற்கும் நேரத்தில் தூண்டிலும் பெரும்பாலும் அசையாது. நீர் திரும்பி ஓடத் தொடங்கும் மணிகளுக்காகத்தான் தெரிந்தவர்கள் காத்திருக்கிறார்கள்.

நிலவுக்கு அடுத்தது உப்பு. கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவில் உப்பு உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆற்று வெள்ளம் மணல்திட்டை உடைத்துக்கொண்டு போகும்போது கழி கிட்டத்தட்ட நன்னீராகிவிடும். மழை நின்றதும் அலைகள் மணலைக் கொண்டுவந்து வாயை மறுபடி அடைக்கும். வாய் அடைந்த கழி கோடையில் காய்ந்தால் கடலைவிட உப்புக் கரிக்கும். இடைப்பட்ட நாட்களில் இலேசான நன்னீர் மேலேயும் கனமான உப்புநீர் அடியிலும் ஓடும். மேலே தண்ணீர் சப்பென்று இருந்தாலும் ஈயம் கட்டி அடிக்கு இறக்கினால் கடல்மீன் கடிப்பது இதனால்தான்.

இத்தனை மாற்றத்தையும் மீன் எப்படித் தாங்குகிறது? கொடுவாவின் இரத்தத்தில் உள்ள உப்பு கடலில் உள்ளதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. கடலில் இருக்கும்போது உடம்பின் நீர் வெளியே கசிந்துகொண்டே இருக்கும். அதை ஈடுகட்ட மீன் கடல்நீரைக் குடித்து, மிஞ்சும் உப்பைச் செவுள் வழியே வெளியேற்றுகிறது. நன்னீரில் எல்லாம் தலைகீழ். உள்ளே புகும் நீரைச் சிறுநீராகக் கொட்டுகிறது, அதே செவுளால் உப்பை உள்ளே இழுக்கிறது. ஒரே உறுப்பு ஒரு பருவத்தில் உப்பைத் துரத்துகிறது, மறுபருவத்தில் சேமிக்கிறது.

எந்த மீனுக்கு எந்தத் தூண்டில் என்பதும் அதன் உடம்பைப் பார்த்தால் விளங்கும். கொடுவாவின் செவுள் மூடி ஓரம் கத்திபோல் இருக்கும். அதனால் முள்ளுக்கு மேலே ஒரு முழம் தடித்த நரம்பு கட்டுவார்கள். இரைக்கு உயிர் இறால் அல்லது மடவைக் குஞ்சு. செப்பிலி கடித்ததும் கல்லிடுக்குக்குள் ஓடப் பார்க்கும், விட்டுப் பிடித்தால் நரம்பு அறுந்துவிடும். முகத்துவாரத்து மணலில் புழு தேடும் கிழங்கானுக்குச் சிறிய வாய், அதற்குச் சிறிய முள் போதும். பெரிய மீனுக்கு வைத்த இரையைக் கொறித்துத் தீர்ப்பது கீச்சான். மடவை சேற்றையும் பாசியையும் சுரண்டித் தின்னும் மீன்; இறால் வைத்துக் காத்திருந்து பயனில்லை, அதற்கு வீச்சு வலைதான். இருளர்களுக்கு இவை எதுவுமே தேவையில்லை. ஓலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றில் கையால் துழாவியே இறால் பிடிப்பார்கள்.

தூண்டில்காரர் பார்க்கும் பஞ்சாங்கத்தைக் கொடுவாவும் பார்க்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அது முகத்துவாரத்துப் பக்கம் உப்புநீரில் முட்டையிடும். வலுவான ஏற்றம் முட்டைகளையும் பொடிக்குஞ்சுகளையும் கழிக்குள் தள்ளிக்கொண்டு போகும். அங்கே சேற்றிலும் செடி நிழலிலும் வளரும் குஞ்சுகள், வழி இருந்தால் ஆற்றின் நன்னீர் வரைக்கும் ஏறும். பாலாற்றில் அந்த வழியில் இப்போது வயலூர்த் தடுப்பணை நிற்கிறது. நிலத்தடி நீரில் உப்பு ஏறாமல் காப்பது அதன் வேலை. உப்பைத் தடுக்கும் சுவர் மீனையும் தடுக்கும்.

வங்காளத்தில் பெட்கி, ஆஸ்திரேலியாவில் பாராமுண்டி என்று பெயர் பெற்ற இந்த மீனை இந்தியாவில் முதன்முதலாகச் செயற்கை முறையில் முட்டையிட வைத்தது, நம் முட்டுக்காட்டில் நிலையம் வைத்திருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம். ஆண்டு 1997. அந்த வேலையில் கவனிக்க வேண்டிய ஒரு சங்கதி, கொடுவாவின் பால்மாற்றம். பெரும்பாலான கொடுவாக்கள் முதலில் ஆணாகவே பருவமடைகின்றன. சில ஆண்டுகள் ஆணாக வாழ்ந்து, எடை கூடிய பிறகு பெண்ணாக மாறுகின்றன. சின்னதெல்லாம் ஆண், பெரியதெல்லாம் பெண் என்று சொன்னால் பெரிதும் தவறாகாது.

ஆகவே தூண்டிலில் ஏழெட்டுக் கிலோக் கொடுவா ஏறினால், கையில் இருப்பது பல லட்சம் முட்டை சுமக்கக்கூடிய தாய். அந்த அளவுக்கு வளரப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். குழம்புக்கு இரண்டு கிலோ மீன் போதும். பெரியதைப் படம் எடுத்துக்கொண்டு, தண்ணீரிலேயே முள்ளைக் கழற்றி விட்டுவிடுங்கள். அடுத்த அமாவாசைக்கு அதற்கு முகத்துவாரத்தில் வேலை இருக்கிறது.