பாலித் தீவின் பகற்கட்டில்

சில ஆண்டுகளுக்கு முன் பாலித் தீவுக்குச் செல்லும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. தீவின் தென்பகுதியில், சானூர் என்னும் கடற்கரை ஊரில், ஒரு விடுதியில் தங்கினேன். விடுதித் தோட்டத்தில், தென்னை மரங்களின் நடுவே, நான்கு தூண்களும் புல் வேய்ந்த கூரையும் உடைய மேடை ஒன்று இருந்தது. மேடையின்மீது மெத்தை, மெத்தையின்மீது திண்டுகள், நாற்புறமும் கடற்காற்று. நண்பகல் உணவுக்குப் பின் அதிற் சற்றே சாய எண்ணினேன். வடக்கே தலைவைத்துப் படுக்கலாகாது என்று இளமையிலேயே கற்பிக்கப்பட்டவன் ஆதலால், தலையணையைத் தெற்கே இட்டுக் கால்களை வடக்கே நீட்டினேன்.

சிறிது நேரத்தில் தோட்டப் பணியாளரான இளைஞர் ஒருவர் வந்தார். ‘தந்தையே’ என்று பொருள்படும் தம் மொழிச் சொல்லால் என்னை விளித்து, வடக்கே கைகாட்டி ஏதோ சொன்னார். எனக்கு விளங்கவில்லை. நான் எழுந்து உட்கார்ந்ததும், தலையணையை எடுத்து வடக்கு முனையில் வைத்துவிட்டுப் புன்முறுவலோடு அகன்றார். வடக்கே இருப்பது அகுங் மலை என்பதும், 3,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த அம்மலை அம்மக்களுக்குத் தெய்வங்களின் உறைவிடம் என்பதும் மாலையில்தான் எனக்குத் தெரியவந்தன. வாழ்நாளெல்லாம் பிள்ளைகளுக்கு மரியாதை கற்பித்த நான், ஒரு நாட்டாரின் திருமலையை நோக்கிக் காலை நீட்டிக் கிடந்தேன்!

இன்று இத்தகைய மேடைக் கட்டில்கள் பாலியோடு நிற்கவில்லை. பல நாடுகளின் விடுதிகளிலே நீச்சற் குளத்தின் ஓரத்திலும் புல்வெளியிலும் இவற்றைக் காண்கிறோம். பகலிற் சாய்ந்து இளைப்பாறுவதற்கு உரியவை ஆதலின், பகற்கட்டில் என்று நாம் இவற்றை அழைக்கலாம். ஆனால் இதன் மூலம் எது, அதன் பயன் யாது என்பதை அறியாமல் உருவத்தை மட்டும் எடுத்துக்கொள்வதால் அழகும் குறைகிறது, வசதியும் குறைகிறது. அதனை விளக்குவதே என் நோக்கம்.

இதன் மூலம், பாலி மக்களின் வீட்டில் உள்ள ‘பலே’ என்பதாகும். நம் செவிக்கு அது பாராட்டுச் சொல்லாக ஒலிக்கும். அங்கேயோ அது மேடையும் தூண்களும் கொண்ட மண்டபத்தின் பெயர். பாலியில் வீடு என்பது ஒரே கட்டடம் அன்று. மதில் சூழ்ந்த முற்றத்தில் பல மண்டபங்கள் தனித்தனியே நிற்கும். தென்பாலியில் வடக்கு மண்டபம் உறங்குவதற்கு. மேற்கு மண்டபம் விருந்தினருக்கு. கிழக்கு மண்டபம் சடங்குகளுக்கு. சமையலறையும் நெற்களஞ்சியமும் தெற்கே அமையும். குலதெய்வக் கோயில் வடகிழக்கு மூலையில். நான்கு, ஆறு, எட்டு, ஒன்பது, பன்னிரண்டு எனத் தூண்களின் எண்ணிக்கை மண்டபத்தின் வகைக்கு ஏற்ப மாறும்.

திசையின் முறை நம் முறையிலிருந்து வேறானது. மலையை நோக்கிய பக்கம் ‘கஜா’. கடலை நோக்கிய பக்கம் ‘கெலோட்’. மலைப்பக்கமும் கதிரவன் எழும் பக்கமும் உயர்ந்தவை. உறங்குவோர் தலை அப்பக்கங்களில் இருத்தல் வேண்டும். ஆகவே தென்பாலியில் வடக்கே தலைவைப்பர். மலைக்கு அப்பால் உள்ள வடபாலியிலோ தெற்கே மலையாதலின், தெற்கே தலைவைப்பர். அங்கே படுத்திருந்தால் நான் பிழை செய்திருக்க மாட்டேன்.

அளவும் அத்தகையதே. கட்டடக் கலை வல்லாராகிய ‘உந்தகி’ என்பவர், வீட்டுத் தலைவனின் உடலையே அளவுகோலாகக் கொள்வார். விரித்த இரு கைகளின் நீளம் ஓர் அளவு. முழங்கை முதல் விரல்நுனி வரை மற்றோர் அளவு. பின்னதை ‘அஸ்த’ என்பர். நம் முழமே அது. மரம் நின்றபோது வேர்ப்பக்கம் கீழிருந்ததுபோலவே, தூணாக நிறுத்தும்போதும் அப்பக்கம் கீழிருத்தல் வேண்டும் என்பது விதி.

விடுதிகள் இக்கலையைக் கைக்கொண்ட வரலாறும் அறியத்தக்கது. சானூரில் 1962-ஆம் ஆண்டு தொடங்கிய தஞ்சுங் சாரி என்னும் சிறு விடுதி, உள்நாட்டு முறையில் தாழ்ந்த குடில்களாக அமைந்தது. அதே ஊரில் 1966-இல், ஜப்பான் தந்த போர் இழப்பீட்டுப் பணத்தால், பத்து மாடிகள் கொண்ட பாலி பீச் ஓட்டல் எழுந்தது. அதன் பின்னரே, தென்னை மரத்தின் உயரத்திற்கு, ஏறத்தாழ 15 மீட்டருக்கு மேல், கட்டடம் எழும்பலாகாது என்னும் விதி அத்தீவிலே பிறந்தது. பிற்காலத்தில் பெரும்புகழ் பெற்றவை தாழ்ந்த கூரைகளே.

இனி, தம் தோட்டத்தில் பகற்கட்டில் அமைக்க விரும்பும் விடுதியார் கருதத்தக்கவை சில. முதலாவது நிழல். பாலியில் நண்பகற் கதிரவன் தலைக்குமேல் நிற்பான். ஆகவே கூரை செங்குத்தாக உயர்ந்து, இறவாரம் நன்கு வெளியே நீண்டிருக்கும். அலாங்-அலாங் என்னும் புல்லால் வேய்ந்த கூரையில் மழைநீர் தங்காது வழிந்தோடும். வெப்பமும் எளிதில் இறங்காது. மெல்லிய துணியை மட்டும் மேலே கட்டிய கட்டில், காலையிலும் மாலையிலும் அன்றி வேறு பொழுதிற்குப் பயன்படாது. இரண்டாவது உயரம். மேடை தரையினின்று எழும்பி நின்றால்தான் ஈரமும் பூச்சியும் அணுகா. கீழும் காற்று உலவும். மூன்றாவது பொருள். கடற்காற்றில் இரும்பாணி துருப்பிடித்து மரத்தைக் கெடுக்கும். பாலித் தச்சர் மரமுளையும் ஆப்பும் கொண்டே இணைத்து வந்தனர். பஞ்சு மெத்தை மழைக்காலத்தில் ஈரம் உறிஞ்சிப் பூசணம் பூக்கும். நீர் வடிந்து விரைவில் உலரும் மெத்தையே ஏற்றது. நான்காவது இடைவெளி. மருத்துவமனைப் படுக்கைகள்போல வரிசையாகப் பத்துக் கட்டில்களை நிறுத்தினால் அங்கே அமைதி ஏது? ஒரு மரத்தடியில் ஒன்று போதும்.

மற்றொன்றும் உண்டு. கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டமிட்ட துணியைத் திண்டுக்கு உறையாகச் சில விடுதிகளில் இடுகின்றனர். பாலியிலே அத்துணி புனித மரங்களுக்கும் கோயிற் காவற்சிலைகளுக்கும் உடுத்துவது. நம் கோயிலில் சுவாமிக்குச் சாத்திய பரிவட்டத்தை எவரேனும் தலையணைக்கு உறையாக்கினால் நமக்கு எப்படியிருக்கும்?

பிறர் வீட்டுப் பொருளை விரும்பி எடுத்தல் குற்றமன்று. கலைகள் அவ்வாறே வளர்ந்தன. ஆயினும் எடுப்பதற்கு முன், வீட்டுக்கு உரியவரை ஒரு வார்த்தை கேட்பது நன்று. சானூரில் நான் கேட்கவில்லை. கேளாதவனுக்கும் அந்த இளைஞர் கடிந்துரைக்காமல் கற்பித்தார். தலையணை மாறிய பின் அன்று நான் நன்றாகவே உறங்கினேன்.